மூன்றாம் டேபிளைத் தேடியவன்

தேடல் பெட்டியில் யாரோ அவள் பெயரைத் தட்டியிருந்தார்கள்.

யோகலட்சுமி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். கம்பெனி வெப்சைட்டுக்கு வருகிறவர்கள் உள்ளே இருக்கும் பெட்டியில் என்னென்ன தேடினார்கள் என்று வரிசையாகக் காட்டும் பக்கம் அது. தினமும் காலையில் வந்ததும் அதைத்தான் திறப்பாள். லேடீஸ் கிளவுஸ், சாம்பிள், விலை, டெலிவரி. தோல் கையுறை செய்கிற கம்பெனியில் வேறு என்ன தேடுவார்கள்? இன்று அவற்றுக்குக் கீழே ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு சொல் நின்றது.

யோகலட்சுமி.

அதற்கும் கீழே இன்னொன்று. யோகலட்சுமி போட்டோ.

வந்தவரின் ஊர் என்ற இடத்தில் ஓசூர் என்றிருந்தது.

வெயில் ஏறத் தொடங்கிவிட்ட ஆம்பூர்க் காலையில், தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். வலது உள்ளங்கையை அவள் தன்னையறியாமல் மூடிக்கொண்டாள். அதன் குறுக்கே வழவழவென்று ஓடும் தழும்பு, கணவன் பார்த்திபன் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்திய இடம். அவள் தப்பி வந்த ஓசூரில்தான் அவன் டிராவல்ஸ் நடத்துகிறான்.

"இன்னாடி, காலங்காத்தால பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" ஃபிர்தௌஸ் உள்ளே வந்தாள். தோலைத் தடவிக் குறை பார்க்கும் செக்கிங் ஹாலில் யோகாவின் மூன்றாம் டேபிளுக்கு அடுத்த நாலாவது டேபிள் அவளுடையது. யோகாவின் கதை முழுதும் தெரிந்த ஒரே ஆள்.

யோகா திரையைத் திருப்பிக் காட்டினாள். ஃபிர்தௌஸ் படித்தாள். எப்போதும் வாயில் ஒரு கிண்டலை வைத்திருப்பவள், அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஓசூர்ல ஒருத்தன்தான் இருக்கானா? வேற எவனாச்சும் இருக்கும்."

"வேற எவனுக்கு ஃபிர்தௌஸ் என் பேர் தெரியும்?"

"உன் மூஞ்சி நம்ம செக்கிங் பேஜ்ல எங்கயும் இல்லியே. நான்தான போட்டோ எடுத்தேன்? முதுகுதான் இருக்கு."

அதுதான் யோகாவுக்கும் புரியவில்லை. முகம் இல்லை. பெயரும் பக்கத்தில் எங்கேயும் அச்சாகவில்லை. பிறகு எப்படி வந்தான்?

எல்லாம் ஆரம்பித்தது முதலாளி கவுஸ் பாஷாவுக்கு ஏற்பட்ட ஓர் அவமானத்தில். சென்னையில் நடந்த தோல் கண்காட்சியில் வெளிநாட்டு ஏஜென்ட் ஒருவர் அவரிடம், "ஆம்பூர்னு தட்டினா பிரியாணிதான் வருது பாய், நீங்க வரல" என்று சிரித்திருக்கிறார். பாய் அந்தச் சிரிப்பை ஊருக்கு எடுத்து வந்துவிட்டார். வெப்சைட் செய்து கொடுத்த வேலூர்ப் பையன் பெங்களூர் போய்விட்டான். போனை எடுப்பதில்லை.

"யோகா, தோல் கட்டுல நீ எழுதி மாட்டற சிட்டு சுத்தமா இருக்கும். நீயே கத்துக்க" என்றார்.

"பாய், எனக்கு கோடிங்லாம் தெரியாது."

"கோடிங் வேணாமாம்மா. நம்ம பக்கத்துல நாம எழுதறதை ஒழுங்கா எழுதுனா போதுமாம். சாப்பாட்டு டைம்ல வீடியோ பாரு. ஜாஸ்தி பேஜார் பண்ணிக்காத."

பார்த்தாள். முதலில் தலை சுற்றியது. பிறகு ஒருநாள் குடோனில் நிற்கும்போது சட்டென்று பிடிபட்டது. கட்டுக்கட்டாகத் தோல் அடுக்கியிருக்கிறது. ஒவ்வொரு கட்டிலும் ஒரு சிட்டு தொங்குகிறது. கட்டை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, சிட்டைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். தேடுபொறியும் அப்படி ஓடிக்கொண்டே சிட்டுப் பார்க்கிற ஆள்தான். பாயின் வெப்சைட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு 'ஹோம்' என்று இருந்தது. சிட்டில் 'தோல்' என்று மட்டும் எழுதி மாட்டியது போல.

அவள் மாற்றினாள். 'ஆட்டுத்தோல் கையுறை தயாரிப்பாளர், ஆம்பூர்' என்று தலைப்பு. வாங்குகிறவன் எந்த வார்த்தையில் தேடுவானோ அந்த வார்த்தையை முதல் வரியிலேயே வைத்தாள். தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரி விளக்கத்தை, பையர் கேட்கும் கேள்விக்குப் பதிலாக எழுதினாள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வழி வைத்தாள். கேமரா வைத்த நம்பரிலேயே கிடந்த படங்களுக்கெல்லாம் பெயர் வைத்தாள். கொஞ்ச நாளில் பிரியாணிக் கடைகளைத் தாண்டி பாயின் கம்பெனி மேலே வந்தது. பாய் ஹால் முழுக்கப் பாதாம் அல்வா கொடுத்தார்.

படங்கள்.

யோகா நிமிர்ந்தாள். செக்கிங் பக்கத்தைத் திருத்துவதற்காகத் திறந்து, தன் முதுகு தெரியும் படத்தைத் தட்டினாள். படத்தோடு மறைவாக ஒட்டியிருக்கும் எழுத்துப் பெட்டி திறந்தது. கண் தெரியாதவருக்கு அந்தப் படத்தைச் சொல்வதுபோல எழுதுங்கள், தேடுபொறியும் அதைத்தான் படிக்கும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அவள் அதில் எழுதியிருந்தது இது:

கறுப்பு ஆட்டுத்தோல் கிளவுஸ், டேபிள் மூன்று, ஆம்பூர். செக்கிங்: யோகலட்சுமி.

ராணிப்பேட்டையில் கல்யாணத்துக்கு முன்னால் செக்கராக இருந்த நாளிலிருந்து அவள் கை அப்படித்தான் எழுதும். என்ன தோல், என்ன நிறம், எந்த டேபிள், யார் செக் பண்ணியது. செக் பண்ணியவள் பெயரில்லாத சிட்டை டிஸ்பாட்சில் தூக்கி எறிவார்கள். தோலை விவரி என்றால் கடைசியில் பெயரைப் போட்டு முடிப்பது தும்முவதுபோல அவளுக்கு இயல்பாகிவிட்டது. முகத்தை மறைத்தாள். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தேடுகிறவனுக்கு மட்டும் தெரிகிற இடத்தில், தன் கையாலேயே முகவரி எழுதி மாட்டிவிட்டாள்.

அவளுக்கு இருக்கிற ஒரே தொழில் தோல் செக்கிங் என்பது பார்த்திபனுக்குத் தெரியும். பெயரோடு அதையும் சேர்த்துத் தட்டியிருப்பான்.

"அழிச்சிடு" என்றாள் ஃபிர்தௌஸ்.

அழித்தாள். போனை எடுத்து வெளியிலிருந்து தேடிப் பார்த்தாள். இன்னும் அந்தப் பக்கமே வந்தது. தேடுபொறி மறுபடி வந்து படித்தால்தான் மறக்கும். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவும் வீடியோவில் சொன்னதுதான்.

மறுநாள் காலை பெட்டியில் புதிய வரிகள் இருந்தன.

லேடீஸ் ஷிப்ட் எப்போ விடும்.

ஸ்டாஃப் பஸ்.

அதற்கு மறுநாள் ஒன்றே ஒன்று. 

ஜும்மா டைம் ஆம்பூர்.

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கு ஆண்கள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் ஹாலில் பெண்கள் மட்டும்தான். வாட்ச்மேன் கேட்டில் தனியாக இருப்பார். ஆம்பூருக்கு வெளியே இருப்பவன் இதை யோசித்துத் தேடியிருக்கிறான். தேடுகிறவனுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் பாதி என்று அவள் படித்திருந்தாள். இவனுக்கு என்ன வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

அன்று மத்தியானம் கவுஸ் பாஷா சிரித்த முகத்தோடு வந்து நின்றார்.

"யோகா, உன் பேஜ் வேலை செஞ்சிடுச்சும்மா. ஓசூர்லேர்ந்து ஒரு பார்ட்டி. வெப்சைட்டைப் பாத்துட்டு மெசேஜ் போட்டிருக்கார். வெள்ளிக்கிழமை வர்றாராம்."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எத்தனை மணிக்கு பாய்?"

"தொழுகை டைம்தான் தோதுப்படுதாம். நான் இருக்க மாட்டேனேன்னு சொன்னேன். பரவால்ல, டேபிள் மூணுல செக் பண்ற அம்மா சுத்திக் காட்டட்டும், குவாலிட்டி அவங்களுக்குத்தான் தெரியும்ங்கறார். நல்ல மனுஷன். நீயே பாத்துக்க, என்ன?"

தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

வேலைக்குச் சேர்ந்த அன்று பாய், "வூட்டுக்காரர்?" என்று கேட்டார். "இல்ல பாய்" என்றாள். அவர் 'இன்னா லில்லாஹி' என்று முணுமுணுத்து இரக்கத்தோடு பார்த்தார். செத்துப்போனதாக நினைத்துக்கொண்டார். அவள் திருத்தவில்லை. புருஷன் உயிரோடு இருக்கிறான், தேடி வருவான் என்று சொன்னால் எந்த முதலாளி வேலை கொடுப்பார்? இப்போது போய்ச் சொன்னால் பொய்க்காரி என்று பெயர். வேலை போகும். சொல்லாவிட்டால், வெள்ளிக்கிழமை.

வாடகை அறைக்குப் போனாள். பையில் இரண்டு புடவை, சுடிதார், சர்டிஃபிகேட், வேலூர் வக்கீலம்மா வாங்கிக் கொடுத்த கோர்ட் ஆர்டர். பார்த்திபன் அவள் வீட்டுக்கோ வேலை செய்கிற இடத்துக்கோ வரக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியிருந்தால் என்ன? காகிதம் கதவைத் தாழ்போடுமா?

பையைத் தோளில் மாட்டியபோது ஃபிர்தௌஸ் வாசலில் நின்றாள்.

"எங்க?"

"தெரில. பள்ளிகொண்டா, குடியாத்தம், எங்கயாச்சும்."

"போ. போய் அங்க இன்னா வேலை செய்வ? தோல் செக்கிங். அங்கயும் எவனாச்சும் போட்டோ எடுப்பான். அங்கயும் உன் கை பேரை எழுதும்." ஃபிர்தௌஸ் பையைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டாள். "பாய்கிட்ட சொல்லு."

"வேலையை விட்டுத் தூக்கிடுவாரு."

"தூக்கட்டும். பஸ்ஸுக்கு எப்படியும் கெளம்பிட்ட இல்ல? சொல்லிட்டுக் கெளம்பு. என் கண்ணு முன்னாடி சொல்லு."

கவுஸ் பாஷா ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். தழும்பைக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேஜைமேல் கிடந்த ஒற்றைக் கிளவுஸை எடுத்து விரல் விரலாக நீவினார். அவர் நீவி முடிப்பதற்குள் யோகா மனதுக்குள் தன் வேலையை இரண்டு முறை இழந்துவிட்டாள்.

"உசுரோட இருக்கறவனுக்கு என்னை துவா கேக்க வெச்சிட்டியேம்மா" என்றார் கடைசியில்.

"மன்னிச்சிடுங்க பாய்."

"அது அப்புறம். பேரை பேஜ்லேர்ந்து எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"மறுபடியும் போடு."

அவளுக்குக் கேட்டது சரிதானா என்று புரியவில்லை. பாய் போனை எடுத்தார். "அவன் வர்றதுக்கு முன்னாடி இன்னொரு தடவ பாப்பான். பேரு இல்லன்னா உஷாராய்டுவான். இந்த வெள்ளிக்கிழமை வராம வேற என்னிக்கோ பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பான். அதுக்கு இதுவே மேல். இங்க வரட்டும்."

அவள் போட்டாள். தன்னைத் தேடுகிறவனுக்குத் தன் பெயரை இரண்டாம் முறையாக எழுதினாள். இந்தத் தடவை கை இயல்பாக ஓடவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை.

தொழுகைக்கான பாங்கு ஒலித்ததும் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பாயின் காரும் கேட்டைத் தாண்டிப் போனது. செக்கிங் ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. பெண்கள் அவரவர் டேபிளில். மூன்றாம் டேபிளில், வாசலுக்கு முதுகைக் காட்டி, யோகாவின் நீல ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். படத்தில் இருந்த அதே முதுகு, அதே ஒற்றைப் பின்னல். மகளிர் காவல் எஸ்.ஐ. பூங்காவனம்.

"அவன் உள்ள வந்தாலே ஆர்டரை மீறுனதுதான்" என்று காலையிலேயே சொல்லியிருந்தார் பூங்காவனம். "ஆனா பையர்னு சொல்லித் தப்பிப்பான். வாயைத் தொறந்து ஏதாச்சும் பேசணும். நீ ராக்குக்குப் பின்னால இரு. என்ன நடந்தாலும் வெளிய வராத."

ஹாலின் ஓரத்தில் ஆளுயரத்துக்குத் தோல் அடுக்கிய ராக். அதன் பின்னால் யோகா. அவளுக்குப் பின்னால் புறக்கடைக் கதவு, தாழ் திறந்தே இருந்தது. பக்கத்தில் அவள் பை. எடுத்து வைத்தது அவளேதான், ஃபிர்தௌஸிடம் சொல்லவில்லை.

கேட் கிறீச்சிட்டது. பிறகு செருப்புச் சத்தம். அந்த நடையை அவள் எங்கேயும் கண்டுபிடிப்பாள். ஓசூர் வீட்டின் இரண்டாம் மாடிப் படியில் அது ஏறி வரும்போது எண்ணிக்கொண்டே கதவைப் பார்த்த எத்தனை சாயங்காலம்.

"வாங்க சார்" என்றாள் ஃபிர்தௌஸ். குரல் பிசகவில்லை.

"கூட்டமே இல்ல போல." பார்த்திபன். முழுக்கைச் சட்டை, கையில் ஃபைல். "டேபிள் மூணு எதும்மா?"

"அதோ சார். வேலையா இருக்காங்க."

அவன் நடந்தான். பக்கத்தில் எழுதியிருந்த இடத்தை நோக்கி நேராக நடந்தான். தோல்களுக்கு நடுவே கிடைத்த விரலளவு இடைவெளியில் யோகா பார்த்தாள். பூங்காவனம் ஒரு தோலை விரித்து, செக்கர் செய்வதுபோலவே உள்ளங்கையால் தடவினார். நன்றாகத்தான் செய்தார்.

வலது கையால்.

பார்த்திபன் பாதி வழியில் நின்றான்.

யோகா தன் வலது உள்ளங்கையைப் பார்த்தாள். தழும்பு விழுந்த கையில் தோலின் மேடு பள்ளம் தெரியாது. அவள் இடது கையால்தான் தடவுவாள். வெந்த கை எது என்று சுட்டவனுக்குத் தெரியாமல் போகுமா? இந்த ஒன்றை யாருமே யோசிக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

அவன் ஓரடி பின்னால் வைத்தான். சிரித்தான். "நான் அப்புறமா வர்றேம்மா. பாய் இருக்கும்போது" என்றான்.

போகப்போகிறான். போனால் ஒன்றும் பேசாமல் போவான். பையர்தான், வழி தவறி வந்தேன் என்பான். பிறகு பஸ் ஸ்டாண்டு, சந்து முனை, ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு திருப்பம். அவளுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. பையின் வார் கைக்கெட்டும் தூரத்தில்.

அவள் முன்பக்கம் நடந்தாள்.

"இங்கதான் இருக்கேன்."

குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. அடுத்த டேபிளில் ஒருத்தி கையிலிருந்த தோலைக் கீழே வைத்தாள். பார்த்திபன் திரும்பினான். கண்டுபிடித்த திருப்தி அவன் முகத்தில் மெல்லப் பரவியது. நாலே எட்டில் வந்து அவள் இடது மணிக்கட்டைப் பிடித்தான். மற்றவர்களுக்குக் கேட்காது என்று நினைத்துக் குனிந்து பேசினான்.

"கோர்ட்டுக்குப் போவியா? எந்தக் கோர்ட்டு உன்னைக் காப்பாத்தும்? இன்னொரு கை பாக்கி இருக்கில்ல, அதுவும் வேகணுமா?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். சொன்னாள், ஹாலின் கடைசி டேபிள்வரை கேட்கும்படி. "என்னா சொன்னே? சத்தமா சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

"நல்லாவே கேட்டுச்சு" என்றார் பூங்காவனம், அவன் பின்னாலிருந்து. அவன் கை முதுகுப் பக்கம் முறுக்கப்பட்டபோது ஃபைல் விழுந்தது. உள்ளே ஒன்றுமில்லை, வெற்றுக் காகிதம்.

"மேடம், நான் பையர். குடும்ப விஷயம் இது."

"எதுன்னு ஒண்ணைச் சொல்லு, எழுதிக்கறேன். ஆர்டர் காப்பி உன் கைக்கு வந்துச்சா இல்லியா? வேலை செய்யற எடத்துக்கு வரக் கூடாதுன்னு இருக்கா இல்லியா?"

அவன் வாசலைப் பார்த்தான். ஷட்டருக்குக் கீழே வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக கவுஸ் பாஷா நின்றிருந்தார். கார் மட்டும்தான் போயிருந்தது, உள்ளே டிரைவர். பாய் ஷட்டரைச் சரசரவென்று இறக்கிவிட்டார்.

"பார்ட்டி எங்க போறீங்க? இன்னும் சாம்பிளே பாக்கலியே" என்றார்.

ஃபிர்தௌஸ்தான் முதலில் சிரித்தாள். பிறகு யாரோ அழுதார்கள். அது தானே என்று யோகாவுக்குத் தெரிய நேரமாயிற்று.

ஜீப் போன பிறகு பாய் ஆபீஸ் அறைக்கு வந்தார். "அந்தப் படத்தை எடுத்துடலாமாம்மா? பேஜே வேணாம்னாலும் சரி. எனக்கு பிரியாணிக்குக் கீழ இருந்து பழக்கம்தான்."

யோகா கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தாள். ஜாமீன் என்று ஒன்று இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். ஓசூர் ஒன்றும் தூரமில்லை என்பதும் தெரியும். பெட்டியைத் திறந்தாள். கறுப்பு ஆட்டுத்தோல் கிளவுஸ், டேபிள் மூன்று, ஆம்பூர். செக்கிங்: யோகலட்சுமி. அழிக்கிற பொத்தானில் விரல் நெடுநேரம் நின்றது.

"இருக்கட்டும் பாய்" என்றாள். "செக் பண்ணது நான்தான?"

மறுநாள் காலை டீ வந்தது. அவள் கிளாஸைத் தொடாமல் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். லேடீஸ் கிளவுஸ். சாம்பிள். விலை. கீழே இழுத்தாள். டெலிவரி. மறுபடி சாம்பிள். ஒவ்வொரு வரியையும் எழுத்தெழுத்தாகப் படித்தாள். கடைசி வரிவரை போய், அதற்குக் கீழே ஒன்றுமில்லை என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்ட பிறகுதான் டீயை எடுத்தாள்.

ஆறிப்போயிருந்தது. குடித்தாள்.